வெயிலும் உடல் நிறையும் உம்மாவின் வலியும்

கடந்த வருடம் நோன்பு தொடங்க இரண்டு வாரங்கள் இருக்கும்போது உம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை வீட்டுக்கு வந்தது. வாப்பா அதை மேசையில் வைத்துவிட்டு லுஹருக்குப் பள்ளிக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அறிக்கை வாசிப்பது என் வேலை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்பதால் எல்லா அறிக்கையும் எனக்கு விளங்கும் என்று உம்மா நம்புகிறார்.

விற்றமின் டி: 11. பக்கத்தில் சிறிய எழுத்தில், 30 இற்கு மேல் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது.

நான் பயந்தேன். உம்மாவின் முகமோ மலர்ந்துவிட்டது. "பாத்தியா புள்ள, இதாலதான் நான் இப்படிப் பெருத்துப் போய்ட்டன். சும்மா திண்டு பெருக்கல்ல" என்றார்.

நான்கு வருடங்களுக்கு முன் உம்மாவின் நிறை 64 கிலோ. அறிக்கை வந்த அன்று 79. கலியாண வீடுகளில் அவரைக் கண்டவர்கள் ஸலாம் சொன்ன கையோடு சொன்னது அந்த 15 கிலோவைப் பற்றித்தான். அவர்களுக்குக் காட்டுவதற்கு இப்போது ஒரு கடதாசி கிடைத்திருந்தது. அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "இருக்கும் உம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லால் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். உம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என்ட பேரப் போடாட்டி எழுது. என்ன மாதிரி ஆக்கள் எத்தின பேர் இரிக்கிறாங்க" என்றார்.

உம்மாவின் வலி முதலில் தோளில் வந்தது. பிறகு கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று ஊர் சுற்றியது. ரொட்டிக்கு மா பிசைந்தால் இரண்டு நாட்களுக்குக் கை தூக்க முடியாது. எட்டு மணித்தியாலம் படுத்திருந்தாலும் விடியும்போது இரவு முழுக்க மூட்டை சுமந்தவர் மாதிரி எழும்புவார். சுஜூதுக்குப் போனால் எழும்ப முடியாமல், கதிரையில் இருந்து தொழத் தொடங்கினார். அடுப்பில் எதை வைத்தோம் என்பதும் சில நேரம் மறந்துபோகும்.

ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பி., தைரொயிட், எக்ஸ்-கதிர்ப் படம் எல்லாம் எடுத்தோம். எல்லாம் சரி. எல்லாம் சரி என்று வரவர வீட்டில் எங்களுக்கு உம்மாவின் மீது நம்பிக்கை குறைந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். இரண்டாவது வருடத்தில் ஒரு நாள் நான், "ரிப்போட் எல்லாம் சரிதானே உம்மா, எழும்பி நடந்தாச் சரியாகிடும்" என்று சொன்னேன். உம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினார். மூன்றாவது வருடத்தில்தான் ஒரு வாதநோய் விசேட வைத்திய நிபுணர் வலிக்குப் பெயர் சொன்னார்: பைப்ரோமயல்ஜியா.

பைப்ரோ என்றால் நார் இழையம், மயோ என்றால் தசை, அல்ஜியா என்றால் வலி. நோயின் குணத்தைச் சொல்லும் பெயரல்ல இது, வலிக்கும் இடத்தைத்தான் சொல்கிறது. இதற்கு முந்திய பெயர் பைப்ரோசைற்றிஸ். 1904 இல் வில்லியம் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் அதை வைத்தார். நார் இழையத்தில் அழற்சி என்பது அதன் பொருள். தேடிப் பார்த்தபோது அழற்சி எதுவும் இல்லை. அதனால் பழைய பெயர் கைவிடப்பட்டது. இரத்தப் பரிசோதனைகள் சரியாக வருவதும் இதனால்தான். அவை அழற்சியைத் தேடுகின்றன, இந்த நோயில் கோளாறு இருப்பது வலியைக் கடத்தி உணரும் நரம்புத் தொகுதியில். வானொலியில் சத்தத்தைக் கூட்டும் திருகு உச்சத்தில் இறுகிப்போனால் மெல்லிய பேச்சும் காதைக் கிழிக்குமல்லவா, அதைப்போல.

2002 இல் அமெரிக்காவில் கிரேஸ்லி என்பவரும் அவரது குழுவினரும் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பைப்ரோமயல்ஜியா உள்ள 16 பேரையும் ஆரோக்கியமான 16 பேரையும் எடுத்து, இடது பெருவிரல் நகத்தின் மேல் அழுத்தம் கொடுத்து, அதே நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள். மெல்லிய அழுத்தத்திலேயே நோயாளிகள் வலிக்கிறது என்றார்கள். அவர்களின் மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகளும் அப்போது இயங்கின. அதே அழுத்தத்தில் மற்றவர்களின் மூளை பெரிதாக அசையவில்லை. அதே அளவு வலியை அவர்கள் உணர வேண்டுமென்றால் கணிசமாகக் கூட அழுத்த வேண்டியிருந்தது. இதை வாசித்த இரவு, பாத்திரம் கழுவப் போன உம்மாவின் முதுகு என் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லும் மூளையைப் படம் பிடித்தால் அப்படித் தெரியாது.

இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தனியான இரத்தப் பரிசோதனை கிடையாது. 1990 இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர்கள் வகுத்த முறைப்படி உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இல் வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010 இல் வந்த புதிய முறையில் வலி எத்தனை பகுதிகளில் பரவியுள்ளது, தூக்கம், களைப்பு, ஞாபகம் எப்படி என்பவற்றைக் கேட்டே தீர்மானிக்கிறார்கள். நோயாளியின் வாய்ச்சொல்லை நம்பித்தான் இந்த நோயைக் காண முடியும் என்பது எனக்கு இப்போது பெரிய விடயமாகப் படுகிறது.

இனி அந்த "இருக்கும்" என்ற சொல்லுக்கு வருகிறேன்.

அறிக்கையைப் பார்த்த வைத்தியர் எட்டுக் குளிசைகள் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் 50,000 சர்வதேச அலகு. வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று சொல்லப்படுவது 600 அலகுதான், அதாவது 15 மைக்கிரோகிராம். ஆகவே இது சாதாரண விற்றமின் குளிசையல்ல, பற்றாக்குறையை நிரப்பும் பெரிய அளவு.

பத்து நோன்பு கழிந்த ஒரு நாள் ஸஹருக்கு உம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது குளிசை மட்டையைப் பார்த்தேன். தொடங்கிப் பதினெட்டு நாள். மூன்று குளிசை குறைந்திருக்க வேண்டும். ஏழு குறைந்திருந்தது. எட்டாவது உம்மாவின் கையில் இருந்தது.

"கெதியாக் குறையட்டும் எண்டு எடுத்தன்" என்றார். "பெருநாளைக்கு மாமி ஆக்கள் வருவாங்கதானே."

குறைய வேண்டியது வலி என்று அவர் நினைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு குத்தியிருக்காது. குறைய வேண்டியது நிறை. விற்றமின் குறைந்ததால் பெருத்தேன், ஆகவே விற்றமின் ஏறினால் மெலிவேன் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்குக்குச் சரி போட்டவள் நான்.

விற்றமின் சீயைக் கூட எடுத்தால் சிறுநீரோடு போய்விடும். டி அப்படியல்ல. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை என்று வகுப்பில் எழுதிப் படித்தது அந்த ஸஹர் நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இவை உடலில் தேங்கும். டி அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். தாகம், குமட்டல், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் போதல் என்று தொடங்கி, சிறுநீரகத்தில் கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். நோன்பு காலத்தில் ஒருவருக்குத் தாகம் எடுப்பதை யார்தான் நோயின் அறிகுறி என்று எடுப்பார்கள்?

விடிந்ததும் வாப்பா வைத்தியரோடு பேசினார். குளிசையை நிறுத்தச் சொல்லி, கல்சியம் பார்க்கச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், கல்சியம் சரியாக இருந்தது. வைத்தியர் கோபப்படவில்லை. "வாரத்துக்கு ஒன்று என்று துண்டில் எழுதினேன், ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்றார்.

அந்த 'ஏன்' என்பதைத்தான் நான் தேடத் தொடங்கினேன். எங்கள் உயிரியல் டீச்சர் ஆய்வுகளை எப்படி வாசிப்பது என்று காட்டித் தந்தார்.

விற்றமின் டி என்ற பெயரே எனக்குச் சற்றுப் பிழையாகப் படுகிறது. விற்றமின் என்றால் உணவில் இருந்தே வர வேண்டியது. இதையோ நமது தோலே செய்கிறது. தோலில் உள்ள 7-டிஹைட்ரோகொலஸ்திரோல் என்ற பொருளின் மீது சூரியனின் புற ஊதா பி கதிர் விழும்போது அது விற்றமின் டி ஆக மாறுகிறது. அந்தக் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 290 இலிருந்து 315 நனோமீற்றர் வரை. பின்னர் ஈரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். கடைசியில் வருவது ஓமோனைப் போல வேலை செய்யும் ஒரு பொருள். குடலில் இருந்து கல்சியத்தை உறிஞ்ச வைப்பது அதன் முக்கிய வேலை. பரிசோதனையில் அளப்பது ஈரலில் உருவாகும் இடைநிலைப் பொருளை. உம்மாவின் 11 என்பது ஒரு மில்லிலீற்றர் இரத்தச் சீரத்தில் 11 நனோகிராம். 20 இற்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று வைத்தியர்கள் பொதுவாக எடுக்கிறார்கள்.

மத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே, வருடம் முழுக்க வெயில் எரிக்கும் நாட்டில் இருந்துகொண்டு வெயில் பற்றாக்குறையா என்று வாப்பா கேட்டார். ஆம். நமது தோலின் கருமை நிறப்பொருள் அந்தக் கதிரை உறிஞ்சிவிடுவதால் வெள்ளைத் தோலைவிட நமக்குக் கூடிய நேரம் தேவை. ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். முழுதாக மறைக்கும் உடையும் தடுக்கும். அதற்காக அபாயாவைக் குறை சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. உம்மா முன்பும் அபாயா அணிந்தவர்தான். அப்போது பின்வளவில் உடுப்புக் காயப்போட்டார், மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார், கிணற்றடியில் நின்று பேசினார். வலி வந்த பிறகு அவை ஒவ்வொன்றாக எங்கள் கைக்கு வந்தன. உம்மா அறைக்குள் போனார். முன்பு எடுத்த அறிக்கை எதுவும் இல்லாததால் 11 எப்போது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அறைக்குள் இருந்த அந்த வருடங்களுக்கு அதில் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, பற்றாக்குறையால் பருமன் வந்ததா? பருமனானவர்களிடம் விற்றமின் டி குறைவாக இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. இரண்டு விடயங்கள் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும். எது எதற்கு என்பதில்தான் உம்மாவும் நானும் பிழைத்தோம்.

இதைப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை வைத்துச் சொன்னால் இலகு. ஐம்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சும் கிடாரத்துக்கு ஒரு கை உப்புப் போடுகிறோம், சுவை சரி. அன்றைக்கு நூறு பேர் என்று சொல்லிப் பெரிய கிடாரம் வைத்து, அதே ஒரு கை உப்பைப் போட்டால் கஞ்சி சப்பென்று இருக்கும். உப்பு எங்கும் போய்விடவில்லை, பரவிவிட்டது. விற்றமின் டி கொழுப்பில் கரைவதால் உடலில் கொழுப்பிழையம் கூடினால் அது அதற்குள்ளும் பரவுகிறது. இரத்தத்தில் அளக்கும்போது குறைவாகத் தெரிகிறது.

2000 ஆம் ஆண்டில் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஹொலிக்கின் குழுவினர் இதைப் பார்த்தார்கள். பருமனானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிரைக் கொடுத்தார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது பருமனானவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி ஏறிய அளவு மற்றவர்களைவிட 57 வீதம் குறைவு. தோலில் மூலப்பொருள் குறைவா என்று பார்த்தால் அதில் வித்தியாசம் இல்லை. தோல் தன் வேலையைச் செய்துவிட்டது, இரத்தத்துக்கு வந்து சேரவில்லை.

இன்னும் உறுதியான சான்று 2013 இல் வந்தது. 21 ஆய்வுகளைச் சேர்ந்த 42,024 பேரின் பரம்பரை அலகுகளை வைத்துச் செய்யப்பட்டது அது. உயிரியல் படிக்கும் என் தோழிகள் இதை ரசிப்பார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் நமக்கு எந்தப் பரம்பரை அலகு வரும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. அதை நமது உணவோ வெயிலோ வலியோ மாற்ற முடியாது. உடல் பருமனைக் கூட்டும் அலகுகள் விழுந்தவர்களிடம் விற்றமின் டி குறைவாக இருந்தது. மறுபுறம், விற்றமின் டியைக் குறைக்கும் அலகுகள் விழுந்தவர்கள் மற்றவர்களைவிடப் பருமனாக இருக்கவில்லை. அம்பு ஒரு பக்கம்தான் போகிறது. பருமன் விற்றமின் டியைக் குறைக்கிறது, விற்றமின் டி குறைவது பருமனைக் கொண்டுவருவதாகத் தெரியவில்லை.

ஆகவே அந்தக் குளிசைகளில் எத்தனையை விழுங்கினாலும் பெருநாளைக்கு உம்மா மெலிந்திருக்க மாட்டார். இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அப்ப நான் திண்டுதான் பெருத்தன் எண்டு சொல்றியா?" என்று கேட்டார். அழுகை வரும் குரல். இல்லை என்று சொன்னேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

பைப்ரோமயல்ஜியாவில் நிறை ஏறுவதற்குப் பல வாசல்கள் உண்டு. அசைந்தால் வலி, ஆகவே அசைவு குறைகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த வாசல். தெரியாத வாசல் தூக்கம். 1975 இல் கனடாவில் மொல்டொவ்ஸ்கி என்பவரின் குழுவினர் இத்தகைய நோயாளிகளின் ஆழ்ந்த தூக்கத்துக்குள் விழித்திருக்கும்போது வரும் மூளை அலைகள் குறுக்கிடுவதைக் கண்டார்கள். ஆரோக்கியமான மாணவர்களின் ஆழ்ந்த தூக்கத்தைக் குழப்பிப் பார்த்தபோது அவர்களுக்கும் தற்காலிகமாக உடல்வலி வந்தது. தூக்கம் கெட்டால் பசியும் மாறும். 2004 இல் சிக்காகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டும் தூங்க விட்டார்கள். போதுமென்று சொல்லும் லெப்டின் என்ற ஓமோன் 18 வீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 வீதம் கூடியது. இரண்டு இரவுக்கே அப்படியென்றால், நான்கு வருடமாகச் சரியாகத் தூங்காத ஒருவரின் பசியை அவருடைய பேராசை என்று சொல்லலாமா?

மூன்றாவது வாசல் மருந்து. இந்த நோய்க்குக் கொடுக்கும் பிரிகபாலின், அமிற்றிப்டிலின் இரண்டுமே சிலருக்கு நிறையைக் கூட்டும். உம்மா இரவில் எடுப்பது அமிற்றிப்டிலின். இதை வாசிக்கும் எந்த உம்மாவும் இன்றைக்கே அதை நிறுத்திவிடக் கூடாது. வைத்தியரிடம் நிறையைச் சொல்லி, அளவையோ மருந்தையோ மாற்றலாமா என்று கேட்பதுதான் முறை. உம்மா கேட்டார், அளவு குறைந்தது.

ஏறிய நிறை சும்மா இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோர்வேயில் 15,990 பெண்களை 11 வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், நிறை கூடியவர்களுக்குப் பின்னாளில் பைப்ரோமயல்ஜியா வரும் வாய்ப்பு 60 முதல் 70 வீதம் வரை கூடுதலாக இருந்தது. வலி நிறையைக் கூட்ட, நிறை வலியைக் கூட்ட, இரண்டும் சேர்ந்து ஆளை வீட்டுக்குள் இருத்த, வெயில் படாமல் விற்றமின் இறங்குகிறது. இந்தச் சுற்றில் விற்றமின் கடைசியாக வந்து சேர்ந்த ஆள். குற்றவாளிக் கூண்டில் நாங்கள் முதலில் நிறுத்தியது அதைத்தான்.

அப்படியானால் விற்றமின் டி ஏறினால் வலியாவது குறையுமா? 2003 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், காரணம் தெரியாத தொடர் உடல்வலி உள்ள 150 பேரைச் சோதித்தபோது 93 வீதத்தினருக்குப் பற்றாக்குறை இருந்தது. கேட்டவுடன் ஆம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வலியில்லாத ஒரு குழு அதில் இருக்கவில்லை. 2008 இல் அமெரிக்காவில் உடல்வலியும் பற்றாக்குறையும் உள்ளவர்களுக்குக் குளிசை கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் வலியில் வித்தியாசம் இல்லை. 2014 இல் வியன்னாவில் பைப்ரோமயல்ஜியா உள்ள, விற்றமின் அளவும் குறைந்த 30 பெண்களில் செய்த சோதனையில், உண்மையான விற்றமின் எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, போலிக் குளிசை எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. 30 பேர் என்பது எங்கள் வகுப்பைவிடச் சிறிய தொகை. என் முடிவு இதுதான்: பற்றாக்குறை இருந்தால் நிரப்பத்தான் வேண்டும், எலும்புக்கும் தசைக்கும் அது அவசியம், வலி கொஞ்சம் குறைந்தால் அது லாபம்.

ஒன்றில் மட்டும் பெற்றோர் அசட்டையாக இருக்கக் கூடாது. விற்றமின் டி மிகவும் குறைந்து எலும்பு மெதுமையாகும் ஒஸ்ரியோமலேசியா என்ற நோயிலும் உடம்பெல்லாம் வலிக்கும், தொடைத் தசை பலவீனப்பட்டுக் கதிரையில் இருந்து எழும்பக் கஷ்டமாக இருக்கும். அதைப் பைப்ரோமயல்ஜியா என்று பிழையாக எடுத்துவிட இடமுண்டு. இந்த நோய்க்கு விற்றமின் டியும் கல்சியமும்தான் மருந்து, குணமும் கிடைக்கும். அதனால்தான் உம்மாவின் வைத்தியர் கல்சியம், பொஸ்பரஸ், அல்கலைன் பொஸ்பற்றேஸ் எல்லாம் பார்த்து, இது அதுவல்ல என்று உறுதி செய்தார்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். காலை ஏழு மணி இளவெயில்தான் விற்றமினுக்கு நல்லது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்த நேரத்தில் சூரியன் சரிவாக இருப்பதால் தேவையான கதிர் மிகக் குறைவாகவே நிலத்துக்கு வருகிறது. நமது நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் வேலைக்கு ஆகும். பத்து மணி கழிந்த பிறகு உம்மா பின்வளவில், மதிலுக்கு உள்ளே, முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் போல இருப்பார். வெயிலில் நின்று விற்றமின் டி நஞ்சாகிவிடாது. தேவைக்கு மிஞ்சி உருவாவதைத் தோலே உடைத்துவிடும். குளிசைக்கு அந்தக் காவல் இல்லை. தோல் எரியும் வரை நிற்பது மட்டும் கூடாது. சாளை, சூடை போன்ற மீனும் முட்டை மஞ்சள் கருவும் சமையலில் கூடியிருக்கின்றன. குளிசை மட்டை என் மேசை லாச்சியில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஒன்று.

அடுத்தது நடை. 2016 இல் ஐரோப்பிய வாதநோய் வைத்தியர்களின் குழு பைப்ரோமயல்ஜியாவுக்கான எல்லாச் சிகிச்சைகளையும் சலித்துப் பார்த்து, உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றைத்தான், உடற்பயிற்சியை. அப்படியென்றால் "எழும்பி நடந்தாச் சரியாகிடும்" என்று நான் சொன்னது சரியா? அதை உம்மாவும் கேட்டார். சொல் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் வலியை நம்பாதவள் அதைச் சொன்னாள், அளவும் சொல்லவில்லை. முதல் நாளே அரை மணித்தியாலம் நடந்தால் மூன்று நாட்கள் படுக்கை, அதோடு நடையும் முடிந்துவிடும். நாங்கள் நான்கு நிமிடத்தில் தொடங்கினோம். வாசல் கதவிலிருந்து சந்திக் கடை வரை போய்த் திரும்ப அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். வலி கூடிய வாரத்தில் கூட்டவில்லை, நிறுத்தவும் இல்லை. அஸருக்குப் பிறகு நானும் கூடப் போவேன். பாடசாலைக் கதைகளை உம்மாவிடம் நான் இவ்வளவு சொன்னது வேறெந்தக் காலத்திலும் இல்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த அறிக்கையில் விற்றமின் டி 33. நடை இருபது நிமிடம். வலி இருக்கிறது, ஆனால் மா பிசைந்த மறுநாளும் கை தூக்குகிறார். நிறை 77. இரண்டு கிலோ.

போன மாதம் மாமி வந்திருந்தார். அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "விற்றமின் எல்லாம் ஏறிட்டே, அப்ப ஏன் இன்னும் இப்படியே இரிக்கிங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உம்மா குசினியில் இருந்து தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

"இரிங்க மச்சி, சொல்றன்" என்றார். "இப்ப நம்மட பள்ளியில அம்பது பேருக்குக் கஞ்சி காச்சிற கிடாரம் ஒண்டு இரிக்கிண்டு வைங்க..."